எந்தச் சட்டப்படி, ஐயா?

சட்டம் தெரியாமற் செய்துவிட்டேன் என்று நியாயஸ்தலத்தில் நின்று ஒருவன் முறையிடுவானாயின், அதற்கு இரங்கி அவனை விட்டுவிடும் நீதிபதி இலர். அறியாமை குற்றத்துக்கு மன்னிப்பாகாது என்பது சட்ட நூலின் முதற்பாடம். அப்பாடம் நன்றே. அஃதில்லையேல் குற்றவாளிகள் அனைவரும் அறியாமை என்னும் போர்வைக்குள் புகுந்துகொள்வர். ஆயினும் நாம் கேட்க விரும்புவது ஒன்றுண்டு. சட்டத்தை அறியாத குடிமகனுக்கு மன்னிப்பில்லையெனில், சட்டத்தை அறியாமலே அதன் பெயரால் அக்குடிமகனை வழிமறிக்கும் உத்தியோகஸ்தருக்கு மட்டும் மன்னிப்பு எங்கிருந்து வந்தது? அத்தகைய மன்னிப்பு எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. எனினும் உலகெங்கும் சாலையோரங்களில் அது வழங்கப்பட்டு வருகிறது. அதைப் பெறுவோர் தொப்பியணிந்தோர். அதற்கு விலை கொடுப்போர் சைக்கிள் மிதிப்போர்.

காத்தோங் வட்டாரத்தில் நமக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் இருக்கிறார். மன்னார்குடிப் பக்கத்துக்காரர். உணவுக் கடையொன்றில் தோசைக் கல்லின் முன் நின்று உழைப்பவர். கடை அடைத்து, கல்லைக் கழுவி, கணக்கொப்புவித்து அவர் வெளியேறும்போது நள்ளிரவாகிவிடும், பஸ்ஸும் நின்றுவிடும். ஆதலின் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினார். முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு, தலையில் கவசம், கைப்பிடியில் பிரேக்கு ஆகிய யாவும் விதிப்படி இருந்தன. ஓரிரவு சாலையின் இடதோரமாக அவர் சென்றுகொண்டிருக்க, உத்தியோகஸ்தர் ஒருவர் கை காட்டி நிறுத்தினார். “சாலை மோட்டார் வண்டிகளுக்கு. உனக்கு நடைபாதை இருக்கிறது, அதில் ஏறிப் போ” என்று உத்தரவிட்டார். இளைஞர் “சரி, சார்” என்று தலையசைத்து, அன்று முதல் பாதையிலேயே சென்றார். சில வாரம் கழிந்தது. வேறோரிடத்தில், சைக்கிள் பாதையை அடுத்திருந்த நடைபாதையில் செல்கையில், வேறோர் உத்தியோகஸ்தர் நிறுத்தினார். “இது நடப்பவர்களுக்கு மட்டும் உரியது, இங்கே ஓட்டுவது குற்றம்” என்று எச்சரித்து அனுப்பினார்.

மறுநாள் அவர் நம்மிடம் வந்து கூறிய சொற்களை அப்படியே எழுதுகிறோம். “அண்ணே, ரோட்டில் போனாலும் தப்பு, பாதையில் போனாலும் தப்பு என்கிறார்கள். எனக்கு இது வேண்டாம் அண்ணே. பெர்மிட்டில் ஏதாவது கை வைத்துவிட்டால் ஊரில் இருக்கிற கடனை யார் கட்டுவது?” அந்தக் கிழமையே சைக்கிளை விற்றுவிட்டார். இப்போது நாள் முழுதும் நின்ற கால்களோடு நள்ளிரவில் முக்கால் மணி நேரம் நடக்கிறார். அவருக்கு அபராதம் ஒரு வெள்ளியும் விதிக்கப்படவில்லை. ஆயினும் தண்டனை நடந்துகொண்டேயிருக்கிறது.

இவ்விரு உத்தியோகஸ்தர்களுள் பின்னவர் கூறியது சரி. முன்னவர் கூறியது பிழை. இதனை ஆத்திரத்தாற் கூறவில்லை. சட்டத்தைப் படித்தே கூறுகிறோம். விரைவுச்சாலைகளும் சாலைச் சுரங்கங்களும் நீங்கலாக, சிங்கப்பூரின் சாலைகளிற் சைக்கிள் செல்ல உரிமையுண்டு. இடதோரமாகச் செல்ல வேண்டும், சிவப்பு விளக்குக்கு நிற்க வேண்டும், கவசம் அணிய வேண்டும் என்பனவெல்லாம் அவ்வுரிமையோடு கூடிய கடமைகள். கடமைகளை நிறைவேற்றியவனிடமிருந்து உரிமையைப் பறிக்க எந்த உத்தியோகஸ்தருக்கும் அதிகாரமில்லை. அந்த இளைஞர் கடமையனைத்தையும் நிறைவேற்றியவர். அவரைச் சாலையிலிருந்து இறக்கியது சட்டமன்று. ஒரு மனிதரின் அபிப்பிராயம். அந்த அபிப்பிராயமே அவரைப் பின்னர் மெய்யான குற்றத்தின் வாயிலிலும் கொண்டுபோய் நிறுத்திற்று என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இத்தவறு நேர்வதற்குக் காரணம் என்னவென்று ஆராய்வோம். சைக்கிளை இங்கே இரண்டு சட்டங்கள் ஆள்கின்றன. சக்கரம் சாலையில் உருளும்போது சாலைப் போக்குவரத்துச் சட்டமும் அதன் கீழ் வந்த விதிகளும் பொருந்தும். அங்கே காவல் போக்குவரத்துப் போலீஸுக்கு உரியது. அதே சக்கரம் பாதையில் ஏறியவுடன், 2017-இல் நிறைவேறி 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ‘ஆக்டிவ் மொபிலிட்டி’ சட்டம் பொருந்தும். அங்கே நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அதிகாரிகள் கண்காணிப்பர். ஒரு சாண் உயர விளிம்பில் ஒரு சட்டம் முடிந்து மற்றொரு சட்டம் தொடங்குகிறது. சாலையில் கவசம் கட்டாயம், பாதையில் அவ்வாறில்லை. நடைபாதையில் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேற்படலாகாது. சைக்கிள் பாதையில் 25 வரை செல்லலாம். இவற்றையெல்லாம் கரைத்துக் குடித்தவரே சைக்கிளோட்டியை நிறுத்தத் தகுதியுடையவர்.

அன்றியும், இவ்விதிகள் ஒருமுறை எழுதிவைத்து அப்படியே விடப்பட்டவையல்ல. 2019 ஜனவரியில் சாலைகளிற் செல்வோருக்குக் கவசம் கட்டாயமாயிற்று. அதே ஆண்டு பிப்ரவரியில் நடைபாதை வேகம் 15-இலிருந்து 10 கிலோமீட்டராகக் குறைந்தது. 2021 செப்டம்பர் முதல் கைப்பிரேக்கு ஒன்றேனும் இல்லாத சைக்கிளை ஓட்டுதல் குற்றமாயிற்று. 2022 ஜனவரியில் கூட்டமாகச் செல்வோருக்குப் புதுவிதி வந்தது. ஒரு திசைக்கு ஒரே தடமுள்ள சாலையிலும், பஸ் தடம் அமலிலுள்ள நேரத்தில் அத்தடத்திலும் ஒருவர் பின் ஒருவராகவே செல்ல வேண்டும். ஏனைய சாலைகளில் இருவர் இணைந்து செல்லலாம். ஒரு கூட்டத்தின் நீளம் 5 சைக்கிளைத் தாண்டலாகாது. அப்போதே அபராதமும் 75 வெள்ளியிலிருந்து 150 வெள்ளியாக உயர்ந்தது. 2025 ஜூலை 1 முதல் சைக்கிள் பாதையை அடுத்துள்ள நடைபாதை நடப்போருக்கு மட்டுமே உரியதாயிற்று. அதில் ஓட்டியதாக நிரூபணமானால் 2,000 வெள்ளி வரை அபராதமும் 3 மாதம் வரை சிறையும் விதிக்கப்படலாம்.

இவற்றுட் பெரும்பாலான விதிகளை நாம் வரவேற்கிறோம். நடைபாதையில் முதியோர் அஞ்சி ஒதுங்க நேர்வது வெட்கக்கேடு. அதைத் தடுப்பது அரசின் கடமை. நாம் சொல்ல வந்தது வேறு. ஏழாண்டுக்குள் இத்தனை முறை மாறிய விதிகளில், நேற்றுக் கற்றதை வைத்துக்கொண்டு இன்று கட்டளையிடும் உத்தியோகஸ்தர் தவறுவது இயல்பே. ஆனால் அத்தவற்றின் சுமையை யார் தோளில் ஏற்றுவது என்பதே கேள்வி. சம்பளம் பெறுபவர் தோளிலா, தோசை சுடுபவர் தோளிலா? மின்விசையிற் செல்லும் சைக்கிளோட்டுவோர் 2022 முதல் விதித் தேர்வெழுதித் தேறியாக வேண்டும். ஓட்டுபவனுக்கே தேர்வு வேண்டுமெனில், அவனை நிறுத்துபவருக்கு விதி மாறுந்தோறும் தேர்வு வேண்டாமா?

காவலர் பிழைபடுவது நமது ஊருக்கு மட்டும் உரிய குறையென்று எவரும் எண்ணற்க. அமெரிக்காவில் ஒஹாயோ மாகாணத்து டிராட்வுட் நகரில், மெல்லச் சென்று போக்குவரத்தைத் தடுத்தார் என்று ஒரு சைக்கிளோட்டிமேல் வழக்குத் தொடுத்தனர். கீழ் நியாயஸ்தலமும் தண்டித்தது. 2000-இல் மேல் நியாயஸ்தலம் அதனைத் தள்ளிற்று. சைக்கிளுக்குரிய நியாயமான வேகத்திற் செல்பவனை மோட்டார் வண்டியின் வேகத்தில் வரவில்லையென்று தண்டித்தால், சைக்கிளையே சாலையிலிருந்து துரத்தியதாகும் என்பது அத்தீர்ப்பின் சாரம். இங்கிலாந்தில் டெல்போர்டு நகரில், சாலையோரத்துக்கு ஒதுங்கவில்லையென்று போலீஸார் நிறுத்திய ஒருவர் 2006-இல் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டார். சைக்கிளோட்டுவோர் பலர் நன்கொடை திரட்டி அவருக்கு வழக்காட உதவினர். 2007-இல் மேல்முறையீட்டில் அவர் விடுதலையானார்.

இவ்விரண்டு வழக்குகளிலும் போலீஸார் நின்ற இடம் ஒன்றே. மோட்டார் வண்டிக்கு இடைஞ்சலாயிருப்பதெல்லாம் குற்றம் என்று எண்ணினர். சட்டமோ அவ்வாறு சொல்லவில்லை. அந்த மனிதர்கள் தப்பியதற்குக் காரணம், மேல் நியாயஸ்தலம் வரை செல்ல அவர்களுக்கு மொழியும் துணையும் வாய்த்தமை. நம் தோசைக் கடை இளைஞருக்கு அவை உண்டோ? ஞாயிறு காலையிற் பல ஆயிரம் வெள்ளி விலையுள்ள பந்தயச் சைக்கிளிற் கடற்கரைப் பக்கம் செல்லும் கனவானை நிறுத்தினால், அவர் விதியின் எண்ணைச் சொல்லுவார். வழக்கறிஞரின் பெயரையும் சொல்லுவார். துருப்பிடித்த சங்கிலியோடு வேலைக்குச் செல்பவனை நிறுத்தினால், அவன் தலை குனிவான். சட்டம் இருவருக்கும் ஒன்றே. அச்சம் மட்டும் ஒருவனுக்கே உரியதாயிருக்கிறது.

இவ்வச்சத்தின் வேரைத் தேடினால் நெடுந்தூரம் செல்ல வேண்டியிருக்கும். 1879-இல் இங்கிலாந்து நியாயஸ்தலம் ஒன்று, அதிவேகமாக ஓட்டிய ஒருவரைத் தண்டிக்கும்பொருட்டுச் சைக்கிளும் ஒரு வண்டியே என்று தீர்ப்பளித்தது. 1888-இற்றான் அந்நாட்டு உள்ளாட்சிச் சட்டம் சைக்கிளை வண்டியென ஏற்றுச் சாலையில் அதற்கு நிலையான இடமளித்தது. அதாவது, தண்டிப்பதற்காகச் சட்டம் சைக்கிளை முதலிற் கண்டுகொண்டது; உரிமை வழங்க ஒன்பதாண்டு பிந்திற்று. நம் தமிழ்நாட்டிலோ, விளக்கில்லாமல் வந்தவனையும் இருவராக ஏறி வந்தவர்களையும் பிடித்து, சக்கரத்தின் காற்றைப் பிடுங்கிவிட்டு, வால்வைச் சட்டைப்பையிற் போட்டுக்கொண்ட காவலர்களின் கதையை நம் பாட்டன்மார் சிரித்துக்கொண்டே சொல்லக் கேட்டிருக்கிறோம். காற்றைப் பிடுங்கலாமென்று எந்தச் சட்டம் சொல்லிற்று? எவரும் கேட்கவில்லை. தள்ளிக்கொண்டே வீடு சென்றனர்.

அதனினும் கொடியது ஒன்றுண்டு. தாழ்த்தப்பட்ட மக்கள் ஊர்த் தெருவிற் சைக்கிளேறிச் செல்லலாகாது, இறங்கித் தள்ளிக்கொண்டே போக வேண்டும் என்று ஆதிக்க ஜாதியார் கட்டளையிட்ட கிராமங்கள் நம் நாட்டில் இருந்தன. இந்திய அரசியல் சட்டம் 1950-இல் தீண்டாமையை ஒழித்த பின்னரும் இக்கொடுமை பல ஊர்களில் ஒழியவில்லை. ‘இவனுக்கு ஏன் சைக்கிள்?’ என்று அன்று ஊர்ப்பெரியவன் கேட்டான். ‘இவனுக்கு ஏன் சாலை?’ என்று இன்று ஒருவர் கேட்பாராயின், அவர் ஜாதியை நினையாதவராகவே இருக்கலாம். ஆயினும் கேள்வியின் குரல் நமக்குப் பழக்கமானது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்பித்தபோது, ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்கள் அதனைக் கற்று, பிறர் துணையை எதிர்பாராமல் வேலைக்கும் சந்தைக்கும் சென்றனர். ஏழைக்குச் சைக்கிள் விளையாட்டுப் பொருளன்று. அது அவனுடைய கால். அதனைக் காரணமின்றி நிறுத்துவது அவன் காலைப் பிடித்து நிறுத்துவதாகும்.

இனி, நம்மை நோக்கி வீசப்படும் ஆட்சேபங்களைக் கவனிப்போம். சைக்கிளோட்டுவோர் மட்டும் யோக்கியரோ என்பர். அல்லர். சிவப்பு விளக்கைக் கண்டும் நில்லாது பாய்வோர், எதிர்த் திசையில் வருவோர், இருட்டில் விளக்கின்றி வருவோர், கைப்பேசியைப் பார்த்தபடியே நடப்போர் நடுவே நுழைவோர் ஆகியோரை நாமும் காத்தோங்கிற் கண்டிருக்கிறோம். நம் தமிழ்த் தோழர்களும் அவர்களுள் உண்டு. அவர்களைப் பிடிக்கட்டும், அபராதம் விதிக்கட்டும், நாம் ஒரு சொல்லும் சொல்லோம். குற்றம் செய்தவனைத் தப்பவிடுவதும் குற்றமற்றவனைத் தடுப்பதும் ஒரே நோயின் இரண்டு அடையாளங்கள். சட்டத்தை அறிந்த காவலர் முன்னவனைப் பிடிப்பார், பின்னவனை விடுவார். அறியாதவரோ எதிர்ப்பட்டவனைப் பிடிப்பார்.

காவலருக்கு நின்று நூல் படிக்க நேரமேது என்பர் சிலர். நேரமில்லையெனில், பிழையாகக் கட்டளையிட மட்டும் நேரம் எவ்வாறு கிடைத்தது? எல்லாச் சைக்கிளுக்கும் எண்பலகை மாட்டினாற் சரியாகிவிடும் என்பர் வேறு சிலர். இதற்கென அமைந்த ஆலோசனைக் குழு 2021-இல் இதனை ஆராய்ந்து வேண்டாமென்றே முடிவு செய்தது. எண்பலகை ஓட்டுபவனை அடையாளங் காட்டும். நிறுத்துபவரின் அறியாமையை அது போக்காது.

சாலையில் உயிர்ச்சேதம் நேராமற் காப்பதற்கே இவ்வாறு சொல்கிறார்கள் என்பது மூன்றாவது ஆட்சேபம். நல்லெண்ணத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் உயிரைக் காக்கும் விதி எது? சைக்கிளை முந்திச் செல்லும் மோட்டார் வண்டி 1.5 மீட்டரேனும் விலகிச் செல்ல வேண்டும் என்பது 2022-இல் இங்கே வந்தது. ஆனால் அது அறிவுரையாகவே வந்தது. கூட்டத்தில் ஆறாவதாகச் சேர்ந்த சைக்கிளுக்கு அபராதம் நிச்சயம்; முழங்கையை உரசிக்கொண்டு செல்லும் காருக்கு அறிவுரை. அறிவுரையை மீறுபவனை அலட்சியமாக ஓட்டியதாக வழக்கிடலாமே என்பீர்கள். இடலாம்; அதற்கும் அந்த இடைவெளியைக் கண்ணால் அளந்தறிந்த காவலர் வேண்டும்.

அத்தகைய காவலர் உண்டாவது எங்ஙனம்? இங்கிலாந்தின் மேற்கு மிட்லண்ட்ஸ் போலீஸார் 2016-இல் வழி காட்டினர். சீருடையின்றிக் காவலர் சைக்கிளேறிச் சாலையிற் சென்றனர். தம்மை உரசிச் சென்ற மோட்டார்க்காரரை மேலே நின்ற தம் தோழர்களுக்கு அறிவித்தனர். நிறுத்தப்பட்டவருக்குத் தரையில் விரித்த பாயின்மேல் 1.5 மீட்டர் எவ்வளவென்று காட்டிக் கற்பித்தனர். சைக்கிளின் இருக்கையில் அமர்ந்த அன்றே அக்காவலருக்கு விதியின் பொருள் விளங்கியிருக்கும். தமிழ்நாட்டில் 2021 முதல் 2023 வரை காவல்துறைத் தலைவராயிருந்த சைலேந்திரபாபு நெடுந்தூரம் சைக்கிளோட்டுபவர் என்பதை நாடறியும். தலைவர் ஓட்டலாமெனில், தெருவில் நிற்பவர் ஓட்டலாகாதா? கிழமைக்கு ஒரு மணி நேரம், மவுண்ட்பேட்டன் சாலையிலோ தஞ்சோங் காத்தோங் சாலையிலோ, மாலை நெரிசலில் ஓட்டிப் பார்க்கட்டும். ‘ஏன் பாதையிற் போகவில்லை?’ என்னும் கேள்வி அதன் பின்னர் அவர் வாயில் எளிதில் வாராது.

ஆகவே நாம் கோருவன நான்கு. முதலாவது, சைக்கிளோட்டியை நிறுத்தும் உத்தியோகஸ்தர் எந்தச் சட்டத்தின் எந்த விதி மீறப்பட்டது என்பதை அவ்விடத்திலேயே சொல்ல வேண்டும். சொல்ல இயலாவிடில் விட்டுவிட வேண்டும். இரண்டாவது, விதி மாறுந்தோறும் இரு துறையினரும் மறுபடி கற்றுத் தேற வேண்டும். அக்கல்வியின் ஒரு பகுதி சைக்கிளின்மேல் நடைபெற வேண்டும். மூன்றாவது, விதிகள் தமிழிலும் வங்காளத்திலும் எளிய நடையில் அச்சிடப்பட்டுத் தொழிலாளர் விடுதிதோறும், சைக்கிள் விற்கும் கடைதோறும், உணவுக் கடையின் பின்கட்டுதோறும் ஒட்டப்பட வேண்டும். நான்காவது, ஒதுங்கி முந்தும் இடைவெளியை அறிவுரையென்னும் நிலையிலிருந்து உயர்த்தி விதியாக்க வேண்டும். இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவில்லை. 2030-க்குள் 1,300 கிலோமீட்டர் சைக்கிள் பாதை அமைக்கத் திட்டமிட்டுள்ள நாடு, அப்பாதையில் நிற்போருக்கு விதியைக் கற்பிக்கும் சிறு செலவுக்குத் தயங்குமோ?

நம்மவர்க்கும் ஒரு சொல். தோட்டத்தில் நம் முன்னோர் வாழ்ந்த காலத்திற் கங்காணி சொன்னதே சட்டம்; துரை சொன்னதே வேதம். எந்தச் சட்டப்படி என்று கேட்டவன் பற்றுச்சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியேற வேண்டியிருந்தது. அந்த அச்சம் நம் இரத்தத்தில் இன்னும் ஓடுகிறது. தொப்பியைக் கண்டவுடன் “சரி, சார்” என்கிறோம். சரியா என்று பார்ப்பதில்லை. காவலரை எதிர்த்துப் பேசும்படி நாம் தூண்டவில்லை. நில்லென்றால் நில்லுங்கள், அடையாளச் சீட்டைக் கேட்டாற் கொடுங்கள், குரலை உயர்த்தாதீர்கள். ஆனால் விதியைப் படித்துவைத்துக்கொண்டு, பணிவோடு ஒரு கேள்வி கேளுங்கள். படித்தவர்கள் தம் ஓய்வு நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, படியாத தோழர் பத்துப் பேருக்கு இவ்விதிகளைத் தமிழிற் சொல்லிக் கொடுங்கள். மேடையேறித் தமிழர் பெருமை பேசுவதினும் இது பெரிய தொண்டு.

காத்தோங் மாறிவிட்டது. முன்பு கடல் கரையை மோதிய இடத்துக்கு அப்பால், 1966 முதல் மண் கொட்டிப் பூங்காவும் வீடுகளும் எழுந்தன. 2024 ஜூன் 23 முதல் நிலத்தடி ரயில் ஓடுகிறது. ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் இருந்த பழைய ஜூ சியாட் போலீஸ் நிலையக் கட்டடம் இன்று ஹோட்டல் வளாகத்தின் ஒரு பகுதியாய், கனவான்கள் உண்டு களிக்கும் இடமாயிருக்கிறது. கடலும் தள்ளிப் போயிற்று, லாக்கப்பும் போயிற்று. தான் நினைத்ததே சட்டமென்னும் பழக்கம் மட்டும் போகாதிருப்பது ஏன்?

நாம் சென்ற கிழமை அந்த இளைஞருக்கு விதிகளைத் தமிழில் எழுதிக் கொடுத்தோம். இருமுறை படித்தார். “அப்படியானால் முதல் நாள் நான் செய்தது தப்பில்லையா, அண்ணே?” என்று கேட்டார். தப்பில்லை, தம்பி என்றோம். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, அத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுபடியும் சைக்கிள் வாங்கப் பணம் சேர்க்கிறாராம். அடுத்த முறை அவரை நிறுத்துபவர் எவராயினும், அத்தாளிலுள்ள அளவுக்கேனும் சட்டம் தெரிந்தவராயிருக்க வேண்டும். அதனினும் மிகுதியாக நாம் ஒன்றும் கேட்கவில்லை.